அரை மணிக்கு ஓர் ஊர்

பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் சட்டைகள் கடைசியாக வந்து சேரும் மேசை காஜாக்காவுடையது. பொத்தான் துளையைத்தான் தையல்காரர்கள் காஜா என்பார்கள். துணியில் துளை போட்டு, பிரியாமல் ஓரம் கட்டி, எதிர்ப்பக்கம் பொத்தான் வைத்துத் தைத்த பிறகுதான் சட்டை அவள் கையை விட்டுப் போகும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள்.

அவள் கணவர் எக்ஸ்பிரஸ் பஸ் டிரைவர். காலை ஆறேகாலுக்கு வண்டியை எடுத்தால் பிற்பகல் மூன்றேகாலுக்கு மலைமேல் இருக்கும் ஓர் ஊரில் கொண்டுபோய் நிறுத்துவார். அன்றைக்கு அங்கே தங்கல். மறுநாள் அதே நேரத்துக்குக் கிளம்பித் திரும்பி வருவார். பத்தொன்பது வருடமாக ஒரே தடம். டிப்போவில் அவரைப் பற்றி இருந்த ஒரே கேலி இதுதான்: டிரைவர் பொண்டாட்டிக்கு பஸ் ஆகாது.

உண்மையிலேயே ஆகாது. பஸ் ஏறி இருபத்தைந்து நிமிடம் ஆனால் காஜாக்காவுக்கு வாயில் எச்சில் ஊறும். முப்பதாவது நிமிடம் காது அடைக்கும். முப்பத்தைந்தில் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வரும். அதற்குப் பிறகு வருவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போ என்றார்கள். இஞ்சியைக் கடைவாயில் அடக்கிக்கொள் என்றார்கள். வயிற்றில் செய்தித்தாளைக் கட்டிக்கொண்டால் ஒன்றும் செய்யாது என்று காலர் தைப்பவள் அடித்துச் சொன்னாள். கட்டிக்கொண்டு போனாள். செய்தித்தாள் நனைந்ததுதான் மிச்சம். மாத்திரை போட்டுப் பார்த்ததில் உடம்பெல்லாம் தடித்து, நாக்கு வீங்கி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

“காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் சமாச்சாரம்மா. சிலருக்கு இப்படித்தான். உங்களுக்கு இந்த மாத்திரையும் ஆகாது, வண்டியும் ஆகாது” என்றார் டாக்டர்.

“அப்ப நான் என்னதான் பண்றது டாக்டர்?”

“நடந்து போங்க.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். இவள் தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

வாழ்க்கை அதற்கேற்றபடி சுருங்கிக்கொண்டது. பட்டறை, கடைத்தெரு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாமே நடக்கிற தூரம். மகள் பள்ளியில் சுற்றுலா போனபோது இவள் வாசல்வரை போய்க் கையாட்டினாள். கடற்கரைக்கு அப்பாவும் மகளும் மட்டும் போனார்கள். திரும்பி வந்து அவள் உள்ளங்கையில் மணலைக் கொட்டினார்கள். இதையெல்லாம் அவள் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மகள் படித்து முடித்து, அப்பா வண்டி போய் நிற்கிற அதே மலை ஊரில் குடிநீர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டும் ஒரு பையனைப் பிடித்துப்போய் அவனையே கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே ஒற்றை அறைக் குடியிருப்பில் குடித்தனமும் வைத்துவிட்டாள். ரயில் அந்த ஊருக்குப் போகாது.

அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் மகளைப் பார்க்கிற பாக்கியம் டிரைவருக்கு வாய்த்தது. பாக்கியம் வாய்த்த ஆளுக்குப் பார்க்கத்தான் தெரியவில்லை.

“எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா.”

“மெலிஞ்சிருக்காளா?”

“யாரு?”

“உங்க மகதாங்க. வேற யாரு?”

“அப்படியேதான் இருக்கா.”

“என்ன கலர் சட்டை போட்டிருந்தா?”

அவர் வானத்தைப் பார்த்து வெகுநேரம் யோசிப்பார். “போட்டிருந்தா” என்பார்.

மகளுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது ரத்தக்கொதிப்பு ஏறியது. கால் இரண்டும் வீங்கின. எழுந்து நடமாடக் கூடாது, பயணம் கூடவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. மோட்டார் ஷிப்ட் முடிந்து அவன் வரும்வரை மகள் தனியாகத்தான் கிடக்க வேண்டும். போனில் காஜாக்கா வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

“அம்மா, நீ வர்றேன்னு கிளம்பிடாதே. உன்னால முடியாது. அப்பா வந்து பாத்துக்கறாரு. நான் சமாளிச்சுக்குவேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். நொண்டியிடம் ஓடாதே என்று சொல்வதுபோல அவ்வளவு அன்பாகச் சொன்னாள். அன்றைக்குக் காஜாக்கா மூன்று சட்டைகளில் துளையைத் தவறான பக்கத்தில் போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அதுவே முதல் முறை.

இரண்டு நாள் கழித்து, முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், கணவரின் வண்டியிலேயே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் எதுதான் வெளியே வரும் என்பது அவள் கணக்கு. முப்பத்தெட்டாவது நிமிடம் கணக்கு தப்பியது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். கண்டக்டர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். இரண்டு மைல் போனதும் மறுபடி. அப்புறம் இன்னொரு முறை.

“ஏம்ப்பா, இது எக்ஸ்பிரஸா, இல்ல மரத்துக்கு மரம் நிக்கிற வண்டியா?” என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் மடியில் சான்றிதழ் கோப்பு இருந்தது. அவருக்கும் எங்கேயோ நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

மூன்றாவது முறை நின்றது ஒரு பயணிகள் நிழற்குடையின் முன்னால். காஜாக்கா இறங்கிப்போய் அந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நீங்க எடுங்க.”

“உன்னை இங்க தனியா விட்டுட்டா?”

“நாப்பத்தாறு பேர் உக்காந்திருக்காங்க. எடுங்கன்னா எடுங்க.”

அவர் எடுத்தார். வேறு வழியில்லை. பக்கக் கண்ணாடியில் பெஞ்சும் அதன்மேல் உட்கார்ந்திருந்த உருவமும் சின்னதாகி, வளைவு வந்ததும் காணாமல் போயின.

காஜாக்கா பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சாலை அசைவது நின்றது. காது திறந்தது. வீட்டுப் பக்கம் போகும் நகரப் பேருந்து ஒன்றில் ஏறினாள். எச்சில் ஊறத் தொடங்கியதுமே, எந்த இடம் என்றுகூடப் பார்க்காமல் இறங்கிவிட்டாள். ஒரு மரத்தடியில் மறுபடி முக்கால் மணி நேரம். பிறகு இன்னொரு வண்டி. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. மறுநாள் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னாள்.

“திரும்பி வர்றப்ப ஒரு தடவைகூட வாந்தி எடுக்கலைங்க.”

பொத்தான் அட்டையின் பின்பக்கத்தில் ஏறிய நேரம், இறங்கிய நேரம், உட்கார்ந்திருந்த நேரம் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். டிரைவர் அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அந்தச் சாலையின் ஒவ்வொரு நிறுத்தமும் அவருக்கு மனப்பாடம். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஓர் ஊர் என்று வெட்டிக்கொண்டே போனார். சின்ன வண்டிகளைப் பிடித்து, இறங்கி, உட்கார்ந்து, மறுபடி ஏறிப் போனால் இருபத்து நான்கு வண்டி வந்தது.

“ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல முடியாது. அப்ப நாலு நாளு. ஏம்மா, இது ஒம்பது மணி நேரப் பயணம்.”

“ஒம்பது மணி நேரத்துல என்னால போக முடியாதுல்ல. நாலு நாள்ல முடியும்ல?”

அவர் லீவு எழுதிக் கொடுத்தார். எதற்கு லீவு என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ‘பஸ் பயணம்’ என்று எழுதினார். டிப்போ மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

பயணி இருக்கையில் உட்கார டிரைவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் முழுக்க வலது கால் தரையில் பிரேக் தேடியது. “பாரு பாரு, இந்த இடத்துல போய் கியர் மாத்துறான்” என்று முணுமுணுத்தார். “நீங்க ஓட்டலைங்க, சும்மா உக்காருங்க” என்று காஜாக்கா அவர் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். இருபத்தைந்தாவது நிமிடம் அவளுக்கு முன்னால் அவர் எழுந்து நிற்பார். இறங்கி, நிழல் எங்கே என்று தேடுவார். தேடி உட்கார்ந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. முக்கால் மணி நேரம், வெறும் சாலை. ஒரு மதகின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் திடீரென்று எட்டிப் பார்த்தார்.

“இங்க கீழ ஆறு ஓடுதும்மா!”

“பத்தொம்பது வருசமா இது மேலதானே போறீங்க?”

“மேல போனேன். எஞ்சின் சத்தத்துல யாருக்குத் தெரியும்?”

ஒரு தேநீர்க் கடையில் கடைக்காரம்மா அவரை முறைத்து முறைத்துப் பார்த்தாள். தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“மத்தியான எக்ஸ்பிரஸ் ஓட்டுற ஆளு நீங்கதானே?”

“ஆமா” என்றார் டிரைவர், கொஞ்சம் பெருமையோடு.

“மழை பெஞ்சா அந்தக் குழியில தண்ணி நிக்கும். உங்க வண்டி போற வேகத்துல மொத்தமும் என் பெஞ்சு மேலதான் வந்து விழும். எத்தனை வருசமா இப்படி ஒரு ஆளைப் பிடிச்சுக் கேக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? கை காட்டுனாலும் நிக்க மாட்டீங்க!”

டிரைவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். காஜாக்கா வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு செங்கல் சூளைச் சுவரின் நிழலில் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அவர் ஒருநாள் ஊரில் இருந்தால் ஒருநாள் இருக்க மாட்டார்; இருக்கிற நாளிலும் தூங்குவார், அல்லது அவள் பட்டறையில் இருப்பாள். பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது இப்போதுதான். பழத்தோலை மடித்துக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார்.

“மலை ஏறுறப்ப பதினோராவது வளைவு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு தடவையும் அதுல திருப்புறப்ப எனக்கு வயித்தைக் கலக்கும்.”

“உங்களுக்கா?”

“எனக்குத்தான். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

காஜாக்கா அவரைப் பார்த்தாள். முதலில் பாவமாகத்தான் இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாந்திக்கென்று கையில் வைத்திருந்த பையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். சாலையில் போன சைக்கிள்காரர் ஒருவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று இறங்கி, தன் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பிற்பகல் பதினேழாவது நிறுத்தத்தில் இருந்தபோது போன் வந்தது. மாப்பிள்ளை.

“அத்தை, பிரஷர் ரொம்ப ஏறிடுச்சு. வலிப்பு வந்துடுமோன்னு டாக்டர் பயப்படுறாரு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்துடணுமாம்.” அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. இருபத்தாறு வயது, அப்பா அம்மா யாரும் இல்லாத பையன்.

மலை ஏற இன்னும் ஏழு வண்டி இருந்தது. எக்ஸ்பிரஸில் போனால் இரண்டேமுக்கால் மணி நேரம்.

“வர்ற எக்ஸ்பிரஸை நிறுத்துங்க” என்றாள் காஜாக்கா.

“உன்னால முடியாதும்மா.”

“மக சொன்னதையே நீங்களும் சொல்லாதீங்க. செத்தா பஸ்ஸுல சாகறேன். நிறுத்துங்க.”

டிரைவர் நடுச்சாலையில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். வந்தது அவர் டிப்போ வண்டிதான். ஓட்டி வந்தவன் அவரிடம் தொழில் பழகியவன். “அண்ணி, பூ மாதிரி கொண்டுபோறேன் பாருங்க” என்று சொல்லி அப்படியே ஓட்டினான். பூவாக இருந்தாலும் மலை வளைவு மலை வளைவுதான். ஒரு மணி நேரத்தில் அவளுக்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. ஒன்றேகால் மணி நேரத்தில் கை விரல்கள் இழுத்துக்கொண்டன. பிறகு அவள் தலை கணவர் தோளிலிருந்து மடிக்குச் சரிந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

வழியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். இருவரும் சேர்ந்து அவளைத் தூக்கிப்போய்ப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றினாள். “உடம்புல சொட்டுத் தண்ணி இல்ல. மூணு பாட்டில் ஏறாம இவங்களை எங்கயும் நகர்த்தக் கூடாது.”

வண்டி ஓட்டி வந்த பையன் தயங்கி நின்றான். “அண்ணே, நான் இருக்கவா?”

“வண்டியில ஆளுங்க இருக்காங்கப்பா. நீ கிளம்பு” என்றார் டிரைவர்.

காஜாக்காவுக்கு நினைவு திரும்பியதும் முதல் வார்த்தை “நீங்க போங்க” என்பதுதான். அவர் வாசல்வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். எதிரே சாலையில் மலை ஏறும் வேன் ஒன்று நின்று, ஆள் ஏற்றி, கிளம்பிப் போனது. ஒரு காலை வாசல்படிக்கு வெளியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்துக்கொண்டு அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க ஐயா. வாசல்ல ஆள் வர வழி வேணும்” என்றாள் நர்ஸ்.

அவர் உள்ளே வந்தார். “உன்னை ஒரு தடவை ரோட்டுல விட்டுட்டுப் போனேன். இன்னொரு தடவை என்னால முடியாதும்மா. அங்க மாப்பிள்ளை இருக்காரு.”

“அவரு சின்னப் பையங்க” என்று அவள் அழுதாள். சலைன் ஏறும் கையை வைத்துக்கொண்டு கண்ணைக்கூடச் சரியாகத் துடைக்க முடியவில்லை.

அந்தக் கட்டடத்துக்குள் போனில் சிக்னல் கிடைக்கவில்லை. வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் கிடைத்தது. டிரைவர் அங்கே போய் நின்றுகொண்டார். ஜன்னல் வழியாக அவர் முதுகு அவளுக்குத் தெரிந்தது. ஒரு பாட்டில் முடிந்தது. முதுகு அப்படியே நின்றது. இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது அவர் கை காதுக்குப் போனது. முதுகு ஆடாமல் கேட்டது. பிறகு அவர் அப்படியே மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

காஜாக்காவுக்கு எல்லாம் முடிந்துபோயிற்று என்றே பட்டது. எழ முயன்றாள். உடம்பு கேட்கவில்லை. கத்த முயன்றாள். தொண்டை காய்ந்துபோய்க் குரல் வரவில்லை. நர்ஸ் வேறு யாருக்கோ கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அந்த உட்கார்ந்த முதுகைப் பார்த்தபடி அவள் படுத்துக்கிடந்த நேரம் நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோதான் இருக்கும். அவள் பிற்பாடு சொன்னாள், வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரத்தைப் பார்த்ததில்லை என்று.

அவர் எழுந்து வந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

“பொண்ணும்மா. ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்களாம்.”

“அவ எப்படி இருக்கா?”

“பெட்டியில...”

“குழந்தை இல்லைங்க. நம்ம மக. எப்படி இருக்கா?”

டிரைவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். “கேக்கலையே” என்றார்.

“போய்க் கேளுங்க!”

ஓடினார். லைன் கிடைக்கவில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், அதன்மேல் ஏறி நின்றார், போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் மாப்பிள்ளை கிடைத்தான். மயக்கம் இன்னும் தெளியவில்லை, பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கிறது, பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார் என்றான். ‘பார்க்கலாம்’ என்ற அந்த ஒரு வார்த்தையை இருவரும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தார்கள். அதற்குள்ளிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் நர்ஸ் விடியற்காலையிலேயே ஊசியைக் கழற்றிவிட்டாள். மீதி மலையைச் சின்னச் சின்ன வண்டிகளில், வளைவுக்கு வளைவு இறங்கி உட்கார்ந்து கடந்தார்கள். பதினோராவது வளைவில் டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டதை அவள் கவனித்தாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் ஏழாவது கட்டிலில் மகள் படுத்திருந்தாள். முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாக இருந்தன. நினைவு வந்துவிட்டிருந்தது. காஜாக்காவைப் பார்த்ததும் அந்தக் கோடுகள் கொஞ்சம் அகன்றன.

“எப்படிம்மா வந்தே?”

“பஸ்ஸுலதான்.”

“பொய் சொல்லாதே.”

“இருபத்து நாலு பஸ்” என்றார் டிரைவர், பின்னாலிருந்து.

மகள் சிரிக்கப் போய், தையல் இழுத்து, வலியில் முகத்தைச் சுளித்தாள். “சிரிக்க வைக்காதீங்கப்பா” என்று அழுதாள். காஜாக்கா அவள் தலையைத் தடவினாள். மெலிந்திருக்கிறாளா என்று பார்த்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. அப்படியேதான் இருக்கிறாள் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

குழந்தை பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. தினமும் பத்து நிமிடம், ஒருவர் மட்டும், தொடாமல் பார்க்கலாம். முதல் ஒரு வாரம் மூச்சு ஒரு நாள் சரியாக இருக்கும், மறுநாள் இருக்காது. யாரும் எதுவும் செய்வதற்கில்லை. காஜாக்காவின் விரல்கள் சும்மா இருக்கப் பழகாதவை. அவள் வெள்ளைத் துணி வாங்கி, இரண்டு உள்ளங்கை அளவுக்குச் சட்டை தைக்க ஆரம்பித்தாள். பெட்டிக்குள் சட்டை போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் என்ன, வெளியே வந்ததும் போட்டுக்கொள்ளட்டும் என்று தைத்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு சட்டை சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொத்தான்.

பத்தொன்பதாம் நாள் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். சட்டைகள் எல்லாமே பெரிதாக இருந்தன.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த ஒற்றை அறையில் ஐந்து பேர். கொடி கட்டிக் கொடி முழுக்கத் துணி. மாப்பிள்ளைக்கு மாமியார் முன்னால் காலை நீட்ட வெட்கம். சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவான். “சுவர் என்ன மாப்பிள்ளை சொல்லுது?” என்று ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள். அன்றையிலிருந்து இந்தப் பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தான். டிரைவர் வழக்கம்போல ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். அவர் வண்டியின் நேரம் மாறவில்லை, தடம் மாறவில்லை, பெண்டாட்டி மட்டும் எதிர்முனைக்கு மாறியிருந்தாள். நான்கு மணிக்குக் காக்கிச் சட்டையோடு வந்து, கை கால் கழுவி, குழந்தையை வாங்கி மார்பில் கிடத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். “மூச்சு விடுங்க, அது ஒண்ணும் உடைஞ்சிடாது” என்பாள் காஜாக்கா. சாயங்காலம் நால்வரும் குழந்தையோடு நீரேற்று நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் மேடுவரை நடப்பார்கள். நடக்கிற தூரம்தான். அங்கே நின்றால் அவர்கள் ஏறி வந்த சாலை கீழே மடிந்து மடிந்து கிடப்பது தெரியும். காஜாக்கா அதைப் பார்க்க மாட்டாள். பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். குழந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பள்ளி திறக்கும் பருவம் வந்தது. பட்டறையிலிருந்து ஆள் மேல் ஆளாகப் போன் செய்தார்கள். மகளும் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டம்மா ஒத்துக்கொண்டாள். “நீ போம்மா, நான் பாத்துக்கறேன்” என்றாள் மகள். இந்த முறை ‘உன்னால முடியாது’ என்று சொல்லவில்லை. கிளம்புகிற அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் காஜாக்காவுக்குத்தான் கால் எழவில்லை.

இப்போது பேத்திக்கு மூன்று வயது. வருடத்துக்கு ஒருமுறை இருவரும் லீவு போட்டு இருபத்து நான்கு வண்டி ஏறிப் போகிறார்கள். டிப்போவில் கேலி புதிதாகிவிட்டது. “அண்ணன் நடைபயணம் கிளம்பிட்டாரு” என்கிறார்கள். டிரைவர் கண்டுகொள்வதில்லை. எந்த நிறுத்தத்தில் நிழல் நன்றாக இருக்கும், எங்கே தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

போன மாதம் பேத்திக்குக் கடுமையான காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்றான் மாப்பிள்ளை. மற்றவர்களின் அம்மாக்கள் என்றால் அன்றைக்குச் சாயங்காலமே போய் நின்றிருப்பார்கள். காஜாக்கா கையிலிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் போன் செய்தார்கள். நூற்று மூன்று. நூற்று இரண்டு. மறுபடி நூற்று மூன்று. வண்டி ஓடுகிற இருபத்தைந்து நிமிடத்தைவிட உட்கார்ந்திருக்கிற முக்கால் மணி நேரம் அவளை அதிகம் வதைத்தது. “போலாம், போலாம்” என்று எழுவாள், கால் தள்ளாடும், மறுபடி உட்காருவாள்.

மூன்றாம் நாள் காலை பன்னிரண்டாவது நிறுத்தத்தில், நிழலுக்காகச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை அழைத்தான்.

“அத்தை, காய்ச்சல் இறங்கிடுச்சு. வீட்டுக்கு வந்துட்டோம். கட்டில் மேல ஏறிக் குதிக்கிறா. நீங்க எங்க இருக்கீங்க?”

“நடுவுல” என்றாள் காஜாக்கா.

போனை வைத்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் நோட்டைப் புரட்டினார்.

“திரும்பிப் போனாலும் பன்னெண்டு வண்டி. மேல போனாலும் பன்னெண்டு வண்டி” என்றார்.

“உங்களுக்கு லீவு எத்தனை நாள் இருக்கு?”

“இல்ல. இருந்ததெல்லாம் எழுதிக் கொடுத்தாச்சு.”

“பட்டறையில எண்ணூறு சட்டை கிடக்கு.”

“அப்ப முதல்ல எந்தப் பக்கம் வண்டி வருதோ, அதுல ஏறிக்கலாம்.”

அவள் சரியென்று தலையாட்டினாள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவர் ஒரு திசையையும் அவள் ஒரு திசையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடத்தில் வீட்டுப் பக்கம் போகிற வண்டி வந்து அவர்கள் முன்னாலேயே நின்றது. டிரைவர் எழுந்தார். காஜாக்கா எழவில்லை.

“ரொம்பக் கூட்டமா இருக்குங்க” என்றாள்.

அந்த வண்டியில் பாதி இருக்கை காலி. கண்டக்டர் ஒரு நொடி இருவரையும் பார்த்துவிட்டு விசில் ஊதினார். வண்டி போன பிறகு டிரைவர் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் போய் நின்றார்.